இரண்டு ‘இல்லை’ சேர்ந்தால்

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நான் ஆங்கில டீச்சராகத்தான் இருந்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி. ‘ஐ டோன்ட் நோ நத்திங்’ என்று எந்தப் பிள்ளை எழுதினாலும் சிவப்பு மையில் ஒரு வட்டம் விழும். வட்டத்தோடு விடமாட்டேன். எழுப்பி நிறுத்தி, “ஒண்ணும் தெரியாம இல்லையாக்கும்? அப்ப எல்லாம் தெரியும்னுதானே அர்த்தம், சொல்லு பாப்போம்” என்பேன். வகுப்பே சிரிக்கும். கரும்பலகையில் இரண்டு கழித்தல் குறிகளைப் பெருக்கிக் கூட்டல் குறியாக்கிக் காட்டுவேன். எதிர்மறை இரண்டு சேர்ந்தால் உடன்பாடு, இது கணக்கு, இதுதான் அறிவு என்று நினைப்பு.

அந்தப் பிள்ளை எழுதியது ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்ற சுத்தமான தமிழ் வாக்கியம். ‘ஒண்ணும்’ ஒரு பக்கம், ‘தெரியாது’ ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்துதான் இல்லை என்கின்றன. அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வட்டம் போட்டிருப்பேன். ஆங்கிலத்தில் தவறு தவறுதான். வகுப்பைச் சிரிக்க வைத்ததற்குத்தான் சமாதானம் சொல்ல வழியில்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதற்கு ஒரு நோய்ப் பெயரே உண்டு: எம்.டி.ஐ. மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ். தாய்மொழி என்பது ஆங்கிலம் படிக்கிறவன் காலில் கட்டிய கல் என்று எல்லோரும் நம்பினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே.

பிறகு கணவருக்கு மெக்ஸிகோவில் குவாதலஹாராவுக்கு மாற்றல் வந்தது. ஹாலிஸ்கோ மாநிலத்தின் தலைநகர். மென்பொருள் நிறுவனங்கள் நிறைய இருப்பதால் நம் ஊர்க்காரர்களையும் அங்கே பார்க்கலாம். அலுவலகத்தில் அவருக்கு ஆங்கிலம் போதும். காய் வாங்க, இருபது லிட்டர் தண்ணீர் கேன் சொல்ல, கேஸ் வண்டியை நிறுத்த, எனக்குத்தான் ஸ்பானிஷ் வேண்டியிருந்தது. வகுப்பில் சேர்ந்தேன். பாடப்புத்தகம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக எழுதியது. நோட்டில் பத்தி பத்தியாகக் கோடு போட்டுக்கொண்டேன்: ஸ்பானிஷ், ஆங்கிலம், விதி. தமிழுக்குப் பத்தி கிடையாது. வேண்டும் என்றும் படவில்லை.

ஸ்பானிஷ் எதிர்மறையின் அடிப்படை அரை நிமிடப் பாடம். வினைச்சொல்லுக்கு முன்னால் ‘நோ’ போட வேண்டும், அவ்வளவுதான். ஆப்ளோ, பேசுகிறேன், நோ ஆப்ளோ, பேசுவதில்லை. நம்மிடம் வேண்டாம், முடியாது, தெரியாது, அல்ல, இல்லை என்று ஆளுக்கொரு மறுப்பு உண்டு. அங்கே நோ கியேரோ, நோ புவேதோ, நோ சே, நோ எஸ், நோ ஐ. எல்லாவற்றுக்கும் ஒரே ‘நோ’தான் தலைமை. ‘அதை’, ‘எனக்கு’ போன்ற குட்டிச் சொற்கள் வினைக்கு முன்னால் வந்தால் ‘நோ’ அவற்றுக்கும் முன்னால் போய் நின்றுகொள்ளும்: நோ லோ சே, அது எனக்குத் தெரியாது.

அடுத்த பாடத்தில்தான் புத்தகம் பதறியது. நோ சே நாதா. எனக்கு ஒன்றும் தெரியாது. ‘நோ’வும் உண்டு, ‘ஒன்றுமில்லை’ என்கிற ‘நாதா’வும் உண்டு. ஆங்கிலம் போல் நினைக்காதே, இங்கே இரட்டை எதிர்மறை தவறல்ல, கட்டாயம் என்று ஒரு பக்கம் முழுக்க எச்சரிக்கை, பெட்டி கட்டி. நானும் மதித்து அதை நோட்டில் ‘சிறப்பு விதி’ என்று தலைப்பிட்டு எழுதி, அடிக்கோடு போட்டு, மனப்பாடம் செய்தேன். விதி மண்டையில் இருந்தது, வாயில் வரவில்லை. பேசப் போனால் ஒவ்வொரு முறையும் கழித்தல் குறிகள் கண் முன் வந்தன.

எங்கள் தெருவில் வாரம் ஒரு நாள் தியாங்கீஸ் கூடும். தெருவை மறித்துப் போடும் வாரச்சந்தை. சொல் ஆஸ்டெக்குகளின் நாவாத்தில் மொழியிலிருந்து வந்தது. மிளகாய்க் கடைக்காரர் குவித்து வைத்திருந்த பச்சை மிளகாயைக் காட்டி “பீக்கா?” என்றேன், காரமா என்று. அவர் கை விரித்து, “நோ பீக்கா நாதா, குவெரித்தா” என்றார். கொஞ்சமும் காரமில்லையம்மா. அந்த வாக்கியம் எங்கள் சந்தையில் கேட்கிற மாதிரியே காதில் விழுந்தது. ‘ஒரு காரமும் கிடையாதுக்கா.’ ‘ஒரு’வும் உண்டு, ‘உம்’மும் உண்டு, ‘கிடையாது’வும் உண்டு. யாரும் அதைப் பெருக்கிப் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, ஓரத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் முதல் தடவையாகத் தமிழில் எழுதிப் பார்த்தேன். யாரும் வரவில்லை: நோ வீனோ நாதியே. எதுவும் வாங்கவில்லை: நோ கொம்ப்ரே நாதா. நானும் போகவில்லை: யோ தம்போக்கோ ஃபுயி. கடைசியாக ஒரு நீள வாக்கியம்: நான் ஒருபோதும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஸ்பானிஷில்: நூன்கா லே திஹே நாதா ஆ நாதியே. ஒருபோதும், எதுவும், யாரிடமும், ஒவ்வொன்றுக்கும் நேராக ஒன்று உட்கார்ந்திருந்தது. இதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் வைத்தால் ஒரே ஒரு சொல் மட்டும் மறுக்கும், மற்றவை எல்லாம் வேஷம் மாற்றிக்கொள்ள வேண்டும். புத்தகம் பெட்டி கட்டி எச்சரித்தது ஆங்கிலக்காரருக்கு. நான் எனக்கில்லாத ஒரு வியாதிக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

‘நாதா’ என்றதும் சிரித்துக்கொண்டேன், பழைய நாடகங்களில் கதாநாயகி கையை நீட்டி “நாதா!” என்று கூப்பிடுவது நினைவுக்கு வந்து. ‘நாதியே’வுக்கும் நம் ‘நாதியற்றவன்’ கைகொடுக்கும். மனப்பாடத்துக்கு அது போதும். அதற்கு மேல் உறவு கொண்டாட வேண்டாம். ஸ்பானிஷும் தமிழும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் அழித்துவிடுங்கள். ‘நாதா’வின் கதையே வேறு. லத்தீனில் ‘ரெஸ் நாத்தா’ என்றால் பிறந்த பொருள், உலகில் தோன்றிய ஏதோ ஒன்று. ‘பிறந்த எதையும் பார்க்கவில்லை’ என்று மறுப்போடு சேர்த்துச் சொல்லிச் சொல்லி, ‘பொருள்’ உதிர்ந்து, ‘பிறந்த’ மட்டும் மிஞ்சி, கடைசியில் அதுவே இன்மையைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது. ‘நாதியே’வும் அதே வேர்தான், பிறந்த மனிதர் எவரும். ஆக, அந்தச் சொற்கள் மறுப்பாகப் பிறக்கவில்லை. ‘நோ’வோடு குடித்தனம் நடத்தி மறுப்பாக மாறியவை.

அந்த மாற்றம் முழுதாக நடந்துவிட்டது என்பதில்தான் தமிழ் என்னைக் கவிழ்த்தது. நம் ‘யாரும்’ தனியாக நின்றால் மறுப்பு இல்லை. ‘யாரும் வரலாம்’ என்றால் கதவு திறந்திருக்கிறது. ‘யார் வந்தது?’ என்று கேட்டால் ‘யாரும்’ என்று மட்டும் பதில் சொல்ல முடியாது. ‘யாருமில்லை’ என்று முடிக்க வேண்டும். ஸ்பானிஷில் ‘நாதியே’ என்ற ஒற்றைச் சொல்லே முழுப் பதில். அதனால் அது வினைக்கு முன்னால் வந்துவிட்டால் ‘நோ’வுக்கு வேலை போய்விடுகிறது. நோ வீனோ நாதியே, அல்லது நாதியே வீனோ. இரண்டும் ஒன்றுதான். ‘நாதியே நோ வீனோ’ என்று மட்டும் சொல்லக் கூடாது. நான் அதைத்தான் சொன்னேன். பல மாதம் சொன்னேன். தமிழில் மறுக்க வேண்டுமென்றால் ‘யாரும்’ எங்கே நின்றாலும் வாக்கியக் கடைசியில் ‘இல்லை’ வந்தாக வேண்டும். என் நாக்கு அந்தக் கடனை ஸ்பானிஷிலும் அடைத்துக்கொண்டே இருந்தது.

இன்னொரு இடம் இதைவிட மோசம். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா. எழுபதைத் தாண்டியவர். நான் அவரை ‘உஸ்தேத்’ என்று நீங்கள் போட்டுப் பேசுவேன், அவர் என்னை ‘மீஹா’ என்று மகளாக்கி ‘தூ’ என்று நீ போடுவார். யாரும் சொல்லித் தராமலே எனக்கு வந்த இலக்கணம் இது ஒன்றுதான். ஒரு நாள் அர்ரோஸ் கோன் லேச்சே செய்து கூப்பிட்டார்; அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, பட்டை போட்டு, ஏலக்காய் மறந்த பாயசம். கிண்ணம் காலியானதும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, “நோ கியேரேஸ் மாஸ், மீஹா?” இன்னும் வேண்டாமா? நான் “சீ” என்றேன். ஆமாம், வேண்டாம் என்று அர்த்தம். அவர் கிண்ணத்தை நிரப்பினார். முடித்தேன். மறுபடி அதே கேள்வி, மறுபடி அதே “சீ”, இம்முறை வயிற்றைத் தடவிக் காட்டியும் சொன்னேன். அது ருசிக்குப் பாராட்டாகப் போய்ச் சேர்ந்தது.

தமிழில் ‘வரலையா?’ என்றால் ‘ஆமா, வரல’ என்போம். கேட்டவர் நினைப்பது சரி என்று ஒத்துக்கொள்கிற ‘ஆமா’. ஸ்பானிஷ் ‘சீ’ கேட்டவரைப் பார்ப்பதில்லை. நடக்கிற விஷயத்தைப் பார்க்கிறது. வேண்டும் என்றால் சீ, வேண்டாம் என்றால் நோ, கேள்வி எப்படித் திரும்பி நின்றாலும். இதில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் ஒரு கட்சி. ஆங்கிலத்தில் நான் இதைச் சரியாகச் சொல்கிறவள்தான். புது மொழியில் கால் வைத்ததும் ஆங்கிலம் விலகிக்கொண்டு தமிழ் முந்திக்கொண்டது ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. விதிகளை ஆங்கிலத்தில் படித்தேன், சாப்பாட்டு மேஜையில் தமிழில்தான் இருந்தேன், அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

சில்லறை விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ‘ஒரு புத்தகமும் இல்லை’ என்பதற்கு வரும் ‘நிங்குனோ’ ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் ‘நிங்கூன்’ என்று குறுகும்: நிங்கூன் லீப்ரோ, நிங்குனா காசா. இது பெரும்பாலும் ஒருமையில்தான் வரும். இல்லாததற்குப் பன்மை எதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘என் அப்ஸொலூத்தோ’ என்று யாராவது பதில் சொன்னால் ஆங்கில ஞாபகத்தில் ‘முழுக்க முழுக்க ஆமாம்’ என்று சந்தோஷப்பட வேண்டாம், ‘கொஞ்சமும் இல்லை’ என்று அர்த்தம். ‘என் மி வீதா’, என் வாழ்க்கையில், என்று வாக்கியத்தைத் தொடங்கினால் ‘நோ’ இல்லாமலே ‘ஜென்மத்தில் பார்த்ததில்லை’ ஆகிவிடும்.

ஏவல் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. வீட்டுக்காரம்மாவின் பேரன் முற்றத்தில் ஓடுகிறான். “வென்!” வா. “நோ வெங்காஸ்!” வராதே. கொம்மே, சாப்பிடு, நோ கொம்மாஸ், சாப்பிடாதே. ஆப்லா, பேசு, நோ ஆப்லெஸ், பேசாதே. மறுத்துச் சொல்லும்போது வினையே வேறு உருவம் எடுக்கிறது. ஆங்கிலத்தில் ‘டோன்ட்’டை முன்னால் ஒட்டினால் முடிந்தது, வினை அசையாது. வகுப்பில் எல்லோரும் முனகினார்கள். ‘வா’வுக்கு எதிர் ‘வராதே’, ‘வாருங்கள்’ என்பதற்கு எதிர் ‘வராதீர்கள்’, மரியாதைக்கு ஒன்று, உரிமைக்கு ஒன்று என்று வளர்ந்தவளுக்கு அது முனக வேண்டிய விஷயமே இல்லை. நானும் மற்றவர்களோடு சேர்ந்து முனகினேன் என்பதுதான் வெட்கம்.

ஒரு மொழியை இன்னொரு மொழியின் கண்ணால் பார்க்கிற இந்தத் தப்பை எனக்கு முன்பே கண்டித்தவர் ஆந்த்ரேஸ் பெல்லோ என்று ஒருவர். வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்தவர். அமெரிக்கக் கண்டத்து மக்களின் உபயோகத்துக்கு என்று தலைப்பிலேயே சொல்லி 1847-இல் ஒரு ஸ்பானிஷ் இலக்கணம் வெளியிட்டார். லத்தீனில் இருக்கிறது என்பதற்காக வேற்றுமைகளையும் காலங்களையும் ஸ்பானிஷ் தலையில் கட்டாதீர்கள், உலகத்தில் வேறு மொழியே இல்லை என்பது போல இந்த மொழியை அதன் உள்ளிருந்தே பாருங்கள் என்பது அவர் வாதம். நெப்ரிஹா ஸ்பானிஷுக்கு முதல் இலக்கணத்தை சலமான்காவில் அச்சிட்ட 1492-இலிருந்து எத்தனையோ பேர் லத்தீன் சட்டையை அதற்குப் போட்டுப் பார்த்தாயிற்று. தமிழும் இதற்குத் தப்பவில்லை. முத்துக்குளித்துறையில் இருந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் என்ரிக்கே என்ரிக்கஸ் 16-ஆம் நூற்றாண்டில் தமிழுக்கு இலக்கணம் எழுதியபோது ஐரோப்பிய அச்சில்தான் வார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன்னிடம் இருந்த அச்சில் வார்த்தார். என்னிடம் இருந்ததை விட்டுவிட்டு, இரவல் அச்சைத் தேடிப் போனவள் நான்.

தமிழ்ப் பத்தி போட ஆரம்பித்த பிறகு நோட்டில் கிடைத்தவை வேறு சில. ‘மே கூஸ்தா எல் கஃபே’வை ஆங்கிலக்காரர் தலைகீழ் வாக்கியம் என்று படிக்கிறார்கள், நமக்கு அது ‘எனக்குக் காபி பிடிக்கும்’. ‘மே துவேலே லா கபேஸா’, எனக்குத் தலை வலிக்கிறது. ஆள் என்றால் முன்னால் ஓர் ‘ஆ’ ஒட்ட வேண்டும், பொருள் என்றால் வேண்டாம் என்பது இன்னொரு பெட்டி கட்டிய விதி. ‘படம் பார்த்தேன்’ என்போம், ‘பையன் பார்த்தேன்’ என்போமா? ‘பையனைப் பார்த்தேன்’தான். உயர்திணைக்கு ஐ உருபு விடாது. தொல்காப்பியத்தில் திணை படித்தவளுக்கு இது எதற்கு இரண்டு பக்கம்?

பெயரடைக்கு வந்தபோது இந்த உற்சாகம் அடங்கியது.

மிளகாய்க்காரர் என்னை ‘குவெரித்தா’ என்றாரே, அது ‘வெள்ளைக்காரி, சிவத்த பெண்’ என்பதைச் செல்லமாகக் குறுக்கியது. சந்தையில் வருகிற பெண்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தாமிரபரணி வெயிலில் வளர்ந்த என் நிறத்துக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கிடைத்த முதல் பெயரடை, பாலில் பொருந்தியது, நிறத்தில் பொருந்தவில்லை. ஆனால் இலக்கணத்துக்குப் பால் பொருந்தினால் போதும். ஆண் என்றால் குவெரித்தோ, பலர் என்றால் குவெரித்தோஸ், பெண்கள் மட்டும் என்றால் குவெரித்தாஸ். ஓ, ஆ, ஓஸ், ஆஸ் என்று நான்கு உருவம். ‘வெர்தே’ போல ஏ-யில் முடிந்தாலோ ‘அசூல்’ போல மெய்யில் முடிந்தாலோ பெரும்பாலும் ஒருமை, பன்மை என்று இரண்டோடு விட்டுவிடும். மெய்யில் முடிந்தும் ‘எஸ்பாஞோல்’ போல எந்த நாட்டவர் என்று சொல்லும் சொற்கள் ‘எஸ்பாஞோலா’ என்று பெண்ணுக்கு மாறிக்கொள்ளும். ‘இளநீலம்’ என்று இரண்டு சொல்லாகச் சொன்னால் பாவாடை எத்தனை இருந்தாலும் ‘அசூல் க்ளாரோ’ அசையாது.

தமிழில் ‘நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடுகள்’. ‘நல்ல’ யாருக்காகவும் மாறுவதில்லை. இந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் கைகோத்துக்கொண்டு என்னை நடுத்தெருவில் விட்டன. யோசித்துப் பார்த்தால் நம்மிடமும் ‘அவன் நல்லவன், அவள் நல்லவள், அவர்கள் நல்லவர்கள்’ உண்டு. ஏன், ‘நல்லது’க்கு நேராக அங்கே ‘லோ புவேனோ’வும் உண்டு. ஆனால் நமக்கு மனிதர்களுக்குத்தான் ஆண் பெண். அங்கே மேஜை பெண், பேனாவும் பெண், புத்தகம் ஆண். சிவப்பு மேஜை என்றால் சிவப்பும் பெண்ணாக வேண்டும்.

என் பிரச்சினை மேஜையோடு இல்லை, என்னோடு. பாட ஒலிப்பதிவில் பேசியது ஓர் ஆண் குரல். கேட்டுக் கேட்டு அதையே திருப்பிச் சொல்லப் பழகினேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கி, “எஸ்தோய் கன்சாதோ” என்றேன் வீட்டுக்காரம்மாவிடம், களைப்பாக இருக்கிறேன் என்று. அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “கன்சாதோ கியேன்?” களைத்துப் போனவன் யாரு? அப்புறம் மெதுவாக, “கன்சாதா, மீஹா. தா, தா” என்று தன் நெஞ்சில் விரலால் தட்டிக் காட்டினார்.

தமிழில் ‘நான் களைப்பாக இருக்கிறேன்’ என்பதில் ஆணா பெண்ணா தெரியாது. ‘நான்’ என்கிற இடத்தில் தமிழ் அதைக் கேட்பதே இல்லை. ‘வந்தான், வந்தாள்’ என்று வினையில் கேட்கும். ஸ்பானிஷ் வினை அதைக் கேட்காது, வீனோ என்றால் யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அந்தச் சுமையை அது பெயரடை மேல் ஏற்றியிருக்கிறது. அதனால் சந்தோஷம், சலிப்பு, தயார், நிச்சயம் என்று என்னைப் பற்றி எதைச் சொல்ல வாய் திறந்தாலும் நான் பெண் என்று சேர்த்தே சொல்ல வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. கோவில் வரிசை மாதிரி ஆண் பக்கம், பெண் பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறார்களே என்று. பிறகு பழகிவிட்டது, பிடித்துப்போயிற்று என்று சொல்ல மாட்டேன். எங்கள் வகுப்புப் பெண்கள் எல்லோரும் ‘கன்சாதாஸ்’. ஒரே ஒரு ஆண் வந்து உட்கார்ந்தால் அத்தனை பேரும் ‘கன்சாதோஸ்’ ஆகிவிடுவோம். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டதற்கு வீட்டுக்காரம்மா, அவர் தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான் என்பது போலத் தோளைக் குலுக்கினார்.

தண்ணீர் கேன் போடும் பையனிடம் இன்னொரு பாடம். தண்ணீர் ‘ஆக்வா’, பெண்பால். ஆனால் ‘லா ஆக்வா’ என்று இரண்டு ‘ஆ’ முட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒருமையில் ‘எல்’ போடுகிறார்கள். ‘எல்’ என்றால் ஆண் என்று நான் நோட்டில் எழுதியிருந்தேன். எனவே குளிர்ந்த தண்ணீர் ‘எல் ஆக்வா ஃப்ரீயோ’ என்று நம்பிக்கையாகச் சொன்னேன். “ஃப்ரீயா, செஞோரா” என்றான் கேனை இறக்கிவைத்துக்கொண்டே. முன்னால் நிற்கிற எல் ஒலிக்காகப் போட்ட முகமூடி. பின்னால் வருகிற பெயரடைக்கு உண்மை தெரியும். பசியும் இப்படித்தான்: எல் ஆம்ப்ரே, ஆனால் ‘முச்சா ஆம்ப்ரே’. கடைசி எழுத்தைப் பார்த்து முடிவு செய்யவும் வழியில்லை. கை ‘லா மானோ’, ஓ-வில் முடிகிற பெண். நாள் ‘எல் தீயா’, ஆ-வில் முடிகிற ஆண். கிரேக்கத்திலிருந்து வந்து ‘மா’வில் முடிகிற ப்ரோப்ளேமா, சிஸ்தேமா, க்ளீமா, இதியோமா எல்லாம் ஆண். கடைசியில் சொன்னதற்கு மொழி என்று பொருள்.

பெயரடை பொதுவாகப் பெயருக்குப் பின்னால் வரும். சில சொற்கள் முன்னால் வந்தால் பொருளே நகர்ந்துவிடும். ‘முஹேர் போப்ரே’ என்றால் கையில் காசில்லாத பெண். ‘போப்ரே முஹேர்’ என்றால் பாவப்பட்ட பெண், அவள் வீட்டில் கார் இரண்டு நிற்கலாம். ‘அமீகோ வியேஹோ’ வயதான நண்பர், ‘வியேஹோ அமீகோ’ பழைய நண்பர். ‘க்ராந்தே’ முன்னால் வந்தால் ‘க்ரான்’ என்று குறுகி, பெரியது என்பதிலிருந்து மகத்தானது என்பதற்குப் போகும். வீட்டுக்காரம்மா என்னை அறிமுகப்படுத்தும்போது முன்னால் ‘போப்ரே’யைப் போட்டார். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே என்ற கரிசனம். நான் நோட்டைப் பார்த்துச் சரிபார்க்கும் வரை கொஞ்சம் முகம் சுண்டித்தான் இருந்தேன்.

ஆண் புனிதர்களுக்கு முன்னால் ‘சாந்தோ’ குறுகி ‘சான்’ ஆகும்: சான் ஹோசே, சான் ஹுவான். குவாதலஹாராவின் பெரிய சந்தைக்கே சான் ஹுவான் தே தியோஸ் என்றுதான் மக்கள் வழக்கில் பெயர். ஆனால் ‘தோ’வில் தொடங்கும் பெயர்களுக்கு முன்னால் குறுகாது: சாந்தோ தோமாஸ், சாந்தோ தொமிங்கோ. வகுப்பில் இந்த விதிவிலக்கு வந்தபோது எல்லோரும் பட்டியல் எழுதினார்கள். எனக்குச் சென்னை சாந்தோம் சர்ச் வாசலில் பஸ்ஸுக்கு நின்றது நினைவுக்கு வந்தது. அது போர்ச்சுகீசியர் விட்டுப்போன பெயர், ஸ்பானிஷ் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு விதிவிலக்கை நான் எழுதிவைக்கவே இல்லை.

மாங்காய் அங்கேயும் உண்டு. கீற்றுப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்ப்பொடி உப்பு தூவி, பள்ளிக்கூட வாசல் மாதிரியே விற்கிறார்கள். ‘எஸ் வெர்தே’ என்றால் அதன் நிறம் பச்சை. ‘எஸ்தா வெர்தே’ என்றால் இன்னும் பழுக்கவில்லை. இருப்பதைச் சொல்ல ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு வினை. அதே பெயரடை இரண்டிலும் வேறு முகம் காட்டும். ‘எஸ் அபுர்ரீதா’ அறுவை, ‘எஸ்தா அபுர்ரீதா’ அவளுக்குப் போரடிக்கிறது. ‘ஆக இருக்கிறாள்’ என்று தமிழில் வந்தால் எஸ்தார் என்று ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துப் புதிதாக வந்த பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் ‘உயரமாக இருக்கிறாள்’ வந்தது. உயரம் ‘ஸேர்’. குறுக்குவழி அங்கேயே முட்டுச் சந்தில் நின்றது. இப்போது அதைச் சொல்லித் தருவதில்லை.

இன்னும் ஏமாற்றிக்கொண்டிருக்கும் ஓர் இடமும் இருக்கிறது. ‘அவர் வருவார் என்று நினைக்கிறேன்’ என்றால் க்ரெயோ கே வியெனே, சாதாரண வினை. ‘வருவார் என்று நினைக்கவில்லை’ என்று மறுத்தால் நோ க்ரெயோ கே வெங்கா. சந்தேகம் வந்துவிட்டதால் வினை உருவம் மாற வேண்டும், பேரனை வராதே என்று அதட்டினாரே, ஏறக்குறைய அந்த உருவம். இந்த மாற்றத்துக்குத் தமிழிலும் துணையில்லை, ஆங்கிலத்திலும் இல்லை. ஒவ்வொரு வினைக்கும் அதை யோசித்து எடுப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும். அதனால் நான் ‘நோ’வைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவேன். க்ரெயோ கே நோ வியெனே: வரமாட்டார் என்று நினைக்கிறேன். இப்படிச் சொன்னால் சாதாரண வினையே போதும், இலக்கணமும் குற்றம் சொல்லாது. சந்தேகம் மட்டும் தீர்ப்பாக மாறிவிடும். நான் எல்லோரைப் பற்றியும் அடித்துச் சொல்கிறவள் என்று எங்கள் தெருவில் ஒரு பெயர் உண்டு, காரணம் இதுதான்.

போன வாரம் குளியலறைக் குழாய் ஒழுகியது. ப்ளொமேரோ, அதாவது நம் பிளம்பர், போனில் “அஹொரித்தா வோய்” என்றார். இதோ வருகிறேன் என்று அர்த்தம். நம் ‘பாக்கலாம்’ எவ்வளவு நம்பகமோ அவ்வளவு நம்பகம். வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்து, வாளியைப் பார்த்து, ஆள் வருவானா என்று கேட்டார். “க்ரெயோ கே நோ வியெனே” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “நோ க்ரெயோ கே வெங்கா” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார், ‘வெங்கா’வில் ஓர் அழுத்தம் கொடுத்து. தன் கருத்தைச் சொன்னாரா, என்னைத் திருத்தினாரா என்று தெரியவில்லை. ப்ளொமேரோ வரவில்லை.